1946 எட்டணாவில் வெள்ளி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் 1946ஆம் ஆண்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமைச்சரவைத் தூதுக்குழு, கல்கத்தா படுகொலைகள், இடைக்கால அரசு, அரசியல் நிர்ணய சபை எல்லாம் சரியாகவே வந்திருக்கின்றன. ஆனால் பணத்தைப் பற்றிச் சொன்ன இரண்டு இடங்களிலும் தவறு. அந்த ஆண்டில் சாதாரண ஜனங்கள் பட்ட பாடு அதிகமும் பணமும் ரேஷனுமாகவே இருந்தது என்பதால், இதைத் திருத்தாமல் விடக்கூடாது.

முதல் தவறு, பெரிய நோட்டுகளைச் செல்லாததாக்கியதால் கள்ளச்சந்தைப் பணம் ஒழிந்தது என்பது. ஒழியவில்லை. போர்க்காலத்தில் பிரிட்டன் இங்கே வாங்கிய சரக்குக்கு லண்டனில் ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுன் பணம்) வரவு வைத்தது. அதையே ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அடிக்கப்பட்டது. 1939இல் சுமார் 180 கோடியாக இருந்த நோட்டுப் புழக்கம் போர் முடியும்போது 1,200 கோடியைத் தொட்டுவிட்டது. நோட்டு பெருகியது, கடையில் பண்டம் பெருகவில்லை. பதுக்கலும் கள்ளச்சந்தையும் அங்கேதான் முளைத்தன.

1946 ஜனவரி 12, சனிக்கிழமை. அன்று வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்து இரண்டு அவசரச் சட்டங்கள் வந்தன. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நோட்டுகள் முந்தைய நாள் கணக்கு முடிவில் எத்தனை இருந்தன என்று வங்கிகளும் அரசுக் கருவூலங்களும் பிற்பகல் 3 மணிக்குள் ரிசர்வ் வங்கிக்குச் சொல்லவேண்டும் என்றது ஒன்று. 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள் அன்றோடு செல்லாது என்றது மற்றொன்று. தனியார் உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

நடந்தது என்ன? மொத்தம் 143.97 கோடி ரூபாய்க்கான நோட்டுகளில் 1947 முடிவுக்குள் 134.9 கோடி திரும்பி வந்துவிட்டது. வராமல் போனது 9.07 கோடிதான். அதாவது 93 சதவீதத்துக்கு மேல் மாறிவிட்டது. கொண்டுவந்த நோட்டு உழைத்துச் சேர்த்ததா, பதுக்கிச் சம்பாதித்ததா என்று படிவத்தைப் பார்த்துச் சொல்ல எந்த அதிகாரியாலும் முடியாது. சமஸ்தானங்கள் கொண்டுவந்த நோட்டுகளுக்குக் கேள்வியே கிடையாது. அந்த ஓட்டை வழியாக நிறையவே போயிற்று. அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த சி.டி. தேஷ்முக்கே பின்னாளில், நடந்தது ஒழிப்பு அல்ல, லாப நஷ்டத்தோடு கூடிய மாற்றல்தான் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். 100 ரூபாய் நோட்டைத் தொடவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது தவறு படத்தின் கீழே உள்ளது. புலி நடந்துபோகும் 1946 எட்டணாவைப் போட்டு, 'வெள்ளி அரை ரூபாய்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெள்ளி இல்லை, நிக்கல். போரின்போது அமெரிக்கா இந்தியாவுக்குக் கடனாகக் கொடுத்த வெள்ளி 22.6 கோடி அவுன்ஸ், ஏறக்குறைய 7,000 டன். அதை வெள்ளியாகவே திருப்பித் தரவேண்டும். 1940 முதலே ரூபாயில் பாதிதான் வெள்ளி, மீதியில் நூற்றுக்கு 40 பங்கு செம்பு, ஐந்து ஐந்து பங்கு நிக்கலும் துத்தநாகமும். 1946இல் அந்தப் பாதியும் போய், நாலணாவும் எட்டணாவும் சுத்த நிக்கல் ஆயின. முழு ரூபாய் அடுத்த வருஷம் மாறியது.

சில்லறையிலும் போர் தெரியும். 1942 முதல் 1945 வரையான அரையணா, ஓரணா, இரண்டணாக்கள் மஞ்சளாக இருக்கும். நிக்கல் ஆயுதத் தொழிலுக்குப் போனதால் பித்தளையோடு கொஞ்சம் நிக்கல் கலந்து அடித்தார்கள். 1946 தேதியிட்டவை மறுபடியும் வெள்ளையாகிவிடும், செம்பு-நிக்கல் கலவை. ஓட்டைக் காலணா மட்டும் 1943இல் வந்து 1947 வரை அப்படியே ஓட்டையோடு நின்றது.

தாராவி, சயான், செம்பூர், மாட்டுங்கா வீடுகளின் பழைய டிரங்குப் பெட்டிகளில் இவை இன்னமும் கிடக்கும். சோதிப்பது எளிது. தராசு உதவாது, வெள்ளி எட்டணாவும் நிக்கல் எட்டணாவும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். காந்தம் வையுங்கள். ஒட்டினால் நிக்கல், விட்டால் வெள்ளிக் கலவை. தேதியையும் பாருங்கள், 1945 வரை என்றால் வெள்ளி, 1946 என்றால் புலி. புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்தோல் போய்விட்டால் சேகரிப்பவர் யாரும் வாங்கமாட்டார்கள். காசை முகப்பில் விரல் படாமல் விளிம்பில் பிடிக்கவேண்டும்.

இன்னொன்று. மும்பை ஃபோர்ட்டில் நாணயச்சாலைக்குப் பக்கத்திலேயே காசில் பாரக்ஸ் என்ற கடற்படை முகாம் இருந்தது. பிப்ரவரி 18 அன்று தல்வார் பயிற்சி நிலையத்தில் சோற்றுக்காகத் தொடங்கிய கடற்படை வேலைநிறுத்தம் 21ஆம் தேதி அங்கே துப்பாக்கிச் சண்டையாக வெடித்தது. அந்தச் சமயத்தில் நாட்டின் ரேஷன் தானியமும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 அவுன்ஸாக, அதாவது 340 கிராமாகச் சுருங்கியிருந்தது. பத்தாயிரம் ரூபாய் நோட்டையும் இந்த 12 அவுன்ஸையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த வருஷம் புரியும். உங்கள் கட்டுரையில் அந்த 12 அவுன்ஸ் வரவே இல்லை.

படக்குறிப்பை அடுத்த ஞாயிறு மலரில் 'நிக்கல் அரை ரூபாய், 1946' என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை