ஆச்சி யாரிடம் போய்க் கேட்பார்?

திருநெல்வேலி சந்திப்பு,
27.3.2024

அன்புள்ள செல்வி,

உன் கடிதமும் உள்ளே வைத்திருந்த பத்திரிகைத் துண்டும் கிடைத்தன. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பொங்கலிட்டுவிட்டு நேற்றுதான் திரும்பினோம். டிசம்பர் வெள்ளத்தில் ஊறிய சுவர்களுக்கு இப்போதுதான் வெள்ளையடித்தோம். தண்ணீர் நின்ற கறை அதையும் மீறித் தெரிகிறது.

இந்த மாதம் 13-ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றம் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆதரவு 523, எதிர்ப்பு 46. படித்ததும் எனக்கு எதிர்வீட்டு ஆச்சிதான் நினைவுக்கு வந்தார். 6,000 ரூபாய் வெள்ள நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போயிருந்தது. சேறு படிந்த ஸ்மார்ட் கார்டை முந்தானையால் துடைத்துத் துடைத்து நீட்டினார். இரண்டு நாள் அலைந்தார். மூன்றாம் நாள் சண்டையே போட்டார். கடைசியில் ஒருவர் வீட்டுக்கு வந்து, சுவர்க் கறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேனாவால் பெயரை எழுதிக்கொண்டு போனார். நாளை அந்தப் பட்டியலை இயந்திரமே போட்டால் ஆச்சி யாரிடம் போய்ச் சண்டை போடுவார்? அரசு உதவி யாருக்கு என்று முடிவுசெய்யும் கருவிகளை அந்தச் சட்டம் அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்தி, மனிதர் மேற்பார்வை கட்டாயம் என்கிறது. அந்த ஒரு விதிக்காகவே அதை வரவேற்கிறேன்.

நம்மவர்களை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது. செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவரும் யோசனை இல்லை என்று மத்திய அரசு 2023 ஏப்ரலில் மக்களவையில் எழுத்துமூலம் சொன்னது. இந்த மார்ச் 1-ஆம் தேதி, சோதனை முடியாத செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வெளியிட அரசின் அனுமதி வேண்டும் என்று ஓர் அறிவுரை வந்தது. தொழில்முனைவோர் எதிர்த்தார்கள். 15-ஆம் தேதி வந்த திருத்திய அறிவுரையில் அனுமதி என்ற பேச்சே இல்லை. இரண்டு வாரத்தில் இப்படித் தலைகீழாக மாறுவதற்கு, முதலிலேயே நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே!

இங்கே கட்சிகள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மறைந்த தலைவர்களைப் பேசவைக்கின்றன. ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டில் கலைஞர் திரையில் தோன்றி வாழ்த்தினார். பிப்ரவரியில் பிறந்தநாளன்று ஜெயலலிதாவின் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு என் அக்கா அழுதேவிட்டாள். அவள் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் தாம் சொல்லாத சொல்லை மறுக்க இருவரும் உயிரோடு இல்லை. இந்தக் கருவியால் தாங்களே ஆதாயம் அடைகிறவர்கள், அதற்கு வரம்பு கட்ட முன்வருவார்களா? எனக்கு நம்பிக்கை வரவில்லை, செல்வி.

ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. வேட்பாளர்கள் எங்கள் தெருவுக்கும் வருவார்கள். பட்டியலை இயந்திரம் போட்டால் தவறுக்குக் கையெழுத்திடப் போகிறவர் யார் என்று ஆச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்கப்போகிறேன். உங்கள் தெருவுக்கு வருகிறவர்களிடம் நீயும் கேள். என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
கோமதி