பாக்காவ் காட்டில் யார் முறை?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

செபெராங் பிறை தெற்குக் கரையோரத்துப் பாக்காவ் காடுகளை, அதாவது உப்புத்தண்ணீர்ச் சேற்றில் நிற்கிற அலையாத்திக் காடுகளைப் பற்றி உங்கள் வாசகர் பகுதியில் நடக்கிற வாக்குவாதத்தை விடாமல் படித்து வருகிறேன். ஒருவர் மொத்தத்தையும் வேலி போட்டு மூடச் சொல்கிறார். இன்னொருவர், சும்மா கிடக்கிற சேற்றில் இறால் குளம் வெட்டினால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமே என்கிறார். நான் நிபோங் திபாலில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். என் சட்டியில் விழுகிற இறால் அந்தச் சேற்றில் வளர்ந்ததுதான். சும்மா கிடக்கிறது என்று எழுதியவர் ஒருநாள் விடியற்காலையில் புக்கிட் தம்புன் படகுத்துறைக்கு வந்து பார்க்கட்டும்.

என் மருமகள் தமிழ்நாட்டில் பழவேற்காடு ஏரிக்கரைப் பெண். கல்யாணத்துக்குப் போனபோது அந்த ஏரியைப் பார்த்தேன். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா மணல் திட்டு. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி என்று மூன்று ஆறுகள் ஒருபக்கம் வந்து விழுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்தண்ணீர் ஏறி இறங்குகிறது. பறவைகள் சரணாலயமும் அதேதான். பூநாரை நிற்கிற தண்ணீரில்தான் மீனவர் பிழைப்பும் நடக்கிறது.

அங்கே 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. இறால் நன்றாக விழுகிற இடங்கள் சில. அவற்றில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதைக் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்து, சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்கின்றன. கல்யாணத்துக்கு மறுநாள், நல்ல இறால் காலத்தில், சம்பந்தி திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "கடலுக்குப் போகலையா?" என்றேன். "இன்னைக்கு நம்ம முறை இல்ல சம்பந்தியம்மா" என்றார், பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோல. அதிகாரி யாரும் பக்கத்தில் நிற்கவில்லை.

அதிலும் குறை இருக்கிறது. பாடு அந்த ஊர்களின் மீனவச் சமூகத்தாருக்கு மட்டும்தான். இருளர் பழங்குடிப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு அந்த முறையில் இடமில்லை. இதைச் சொல்லாமல் பாட்டைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்துப் பேராவில் மாத்தாங் பாக்காவ் காடு இருக்கிறதே. சுமார் 40,000 ஹெக்டர். நூறு வருஷத்துக்கும் மேலாக வெட்டுகிறார்கள், காடு இன்னும் நிற்கிறது. ஒரு பகுதியை மொத்தமாக வெட்டினால் மறுபடி அப்படி வெட்ட 30 வருஷம். நடுவில் 15ஆம், 20ஆம் வருஷங்களில் நெருக்கத்தைக் குறைக்க மட்டும் வெட்டு. அதற்கு அளவு ஒரு கம்புதான்: முதல் தடவை நான்கடிக் கம்பு, அடுத்த தடவை ஆறடி. நல்ல மரம் ஒன்றைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, அதிலிருந்து கம்பு எட்டுகிற தூரத்தில் இருப்பதை மட்டும் வெட்டுவார்கள். குவாலா செபெத்தாங் கரிச் சூளைகளுக்கு மரம் இப்படித்தான் போகிறது. என் அம்மா காலத்தில் எங்கள் அடுப்பே அந்தக் கரியில்தான் எரிந்தது.

இறால் குளம் கேட்பவருக்கு ஒன்று. பாக்காவ் மண்ணைத் தோண்டிக் காற்றுப் பட வைத்தால் அது புளித்து, தண்ணீரை அமிலமாக்கிவிடும். வெள்ளைப்புள்ளி நோய் விழுந்தால் குளம் மொத்தமும் போச்சு. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது காரணமில்லாமல் இல்லை.

வேலி கேட்பவருக்கும் ஒன்று. வேலி ஆளைத் தடுக்கும், ஆற்றைத் தடுக்காது. சேற்றில் கிடக்கிற கெராங் சிப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். 31.8 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கெராங் ஓடி ஒளிகிற ஜீவன் இல்லை. மேலே ஆற்றில் விடுகிற கழிவை உட்கார்ந்த இடத்திலேயே குடித்துச் சாகும். சில நாள் நான் வாங்கும் மூட்டையில் பாதிக்குப் பாதி வாய் பிளந்து, உள்ளே கறுப்புச் சேறாக இருக்கிறது. மாநிலத்தின் குப்பையெல்லாம் போய்ச் சேருகிற பூலாவ் பூரோங் குப்பைக்கிடங்கு இதே கரையில்தான் இருக்கிறது என்பதையும் வேலி போடச் சொல்பவர் வரைபடத்தில் பார்த்துவிட்டு எழுதலாம். பழவேற்காட்டிலும் இதே கதைதான்: முகத்துவாரம் மணல் மூடிப் போனால் இறால் குஞ்சு உள்ளே வராது, அப்புறம் யார் முறையாக இருந்து என்ன? ஒடிசாவின் சிலிகாவில் 2000ஆம் ஆண்டு கடலுக்குப் புது வாய் வெட்டினார்கள். மீன்பிடிப்பு பல மடங்கு ஏறியது.

எனவே, இந்தக் கரைக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் ஆற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை மாதாமாதம் படகுத்துறையில் ஒட்டட்டும், மலாயிலும் தமிழிலும் சீனத்திலும். எங்கே, எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்று பேசுகிற கூட்டத்தில் சிறு படகுக்காரரும் கெராங் போடுகிறவரும் உட்காரட்டும். சேற்றில் கையால் பொறுக்குகிற பெண்களையும் சேர்த்துக்கொள்ளட்டும். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் எல்லாரும் தண்ணீரில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
சாப்பாட்டுக் கடைக்காரி,
நிபோங் திபால், பினாங்கு