சர்வர் டெஸ்க்டாப்: சனி இரவு மாற்றம்

அனைவருக்கும் வணக்கம். நம் லினக்ஸ் சர்வர் ரீபூட் ஆனாலும் ரிமோட் டெஸ்க்டாப் தானாகவே தொடங்கும்படி, வரும் சனிக்கிழமை இரவு 10 மணிக்கு வி.என்.சி.யை (சர்வரின் டெஸ்க்டாப்பைத் தொலைவிலிருந்து பார்த்து இயக்க உதவும் மென்பொருள்) சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸ் தொடங்கும்போதே தானாக இயக்கும் நிரலாக) மாற்றுகிறோம். அரை மணி நேரம் இணைப்பு இருக்காது.

1. 9.45-க்குள் வேலையைச் சேமித்து லாக்அவுட் செய்யுங்கள்.

2. வி.என்.சி.க்குத் தனிக் கடவுச்சொல் வையுங்கள். முதல் 8 எழுத்துகளை மட்டுமே அது பார்க்கும் என்பதால் லாகின் கடவுச்சொல்லை இங்கே தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம்.

3. இனி எஸ்.எஸ்.எச். டனல் (மறையாக்கம் செய்யப்பட்ட பாதுகாப்பான வழி) வழியாக மட்டுமே இணைப்பு. வி.என்.சி. போர்ட்டை (இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) வெளியே திறந்து வைப்பது உண்மையிலேயே ஆபத்து. போர்ட் எண்ணை அறிய, உங்கள் டிஸ்ப்ளே எண்ணுடன் (ஒவ்வொருவரின் வி.என்.சி. திரைக்கும் உரிய எண்) 5900-ஐக் கூட்டுங்கள்: 1 என்றால் 5901.

4. வெறும் சாம்பல் திரை வந்தால், எக்ஸ்ஸ்டார்ட்அப் கோப்புக்கு (வி.என்.சி. தொடங்கும்போது டெஸ்க்டாப்பைத் திறக்கும் கோப்பு) இயக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் டிஸ்ப்ளே எண்ணை வெள்ளி மாலைக்குள் இங்கே பதிலிடுங்கள். இருவருக்கு ஒரே எண் இருந்தால் இரண்டாவது சர்வீஸ் தொடங்காது.