ஏப்ரல் 3 நெருங்கிவிட்டது: ஆவண அறைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த உறவின்முறையாருக்கும், வெளியூரில் பிழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஒச்சாண்டம்மன் அருளால் மாசித் திருவிழா குறைவின்றி முடிந்தது. சாமிப் பெட்டிக்குப் பின்னால் நடந்த கூட்டத்தைப் பார்த்தபோது நமக்குப் பணக்கஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த நம் பெரியவர்களின் நினைவுகளையும் காகிதங்களையும் காக்க அமைக்கும் ஆவண அறையின் கணக்கு நோட்டில் 2,67,500 ரூபாய் துண்டு விழுகிறது.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வடக்கே 1871-இல் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. பிறப்பைப் பார்த்தே குற்றவாளி என்றது. பிரமலைக் கள்ளரான நம்மை மட்டுமல்ல, குறவர் உள்ளிட்ட பல மக்களையும் அப்படித்தான் எழுதி வைத்தது. போலீஸ் பதிவேட்டில் கைரேகை வைத்தவர் இரவில் தன் வீட்டில் படுக்க முடியாது. சாவடிக்குப் போய்க் காவலில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மறுத்தது. போலீஸ் துப்பாக்கி பேசியது. 16 பேர் மாண்டார்கள், அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் நம் மக்களுக்காக வாதாடினார். அவரை ரோசாப்பூ துரை என்று கொண்டாடி, பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள் நம் பாட்டன்மார். 1947-இல்தான் இங்கே சட்டம் ஒழிந்தது.

மாண்டவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. ரேகை வைத்துவிட்டு உயிரோடு இருந்தவர்களுக்கு என்ன இருக்கிறது? சட்டம் ஒழிந்தபோது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார். அப்பன் விடியற்காலையில் சாவடியிலிருந்து திரும்பியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்களே. 41 பேரின் பெயர்களைக் குறித்தோம்; 17 பேர் பேசியதைப் பதிவு செய்திருக்கிறோம். நான்கு பேர் நாங்கள் போவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நம்மைக் களவாணி என்று எழுதிய கதையை நாமே எதற்குச் சொல்ல வேண்டும் என்று சில பெரியவர்கள் முதலில் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தையும் பதிவு செய்திருக்கிறோம். வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல என்பதே குழுவின் முடிவு.

செலவு இது: மாடி அறை சீரமைப்பு 2,10,000, கண்ணாடி அலமாரிகள் 95,000, ஒலி, ஒளிப் பதிவும் எழுத்தாக்கமும் 1,55,000, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நகலெடுக்கவும் போய்வரவும் 60,000, நூல் ஆயிரம் பிரதி 1,60,000. ஆக 6,80,000. வந்தது 4,12,500.

கொடுத்தவர்களை மறக்கவில்லை. வடநாட்டில் முறுக்குப் போட்டு விற்கும் தம்பிமார்கள் மாதந்தோறும் அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் இரண்டு மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்தார். கீழத்தெரு மகளிர் சுயஉதவிக் குழு 11,000 ரூபாயைச் சில்லறையும் நோட்டுமாகக் கொண்டுவந்து எண்ணி வைத்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், தம் தந்தையின் ராதாரிச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பதிவுக்கு வந்த பிள்ளைகளுக்குத் தேநீர்க் கடைக்காரர் ஒருநாள்கூடக் காசு வாங்கவில்லை. இவர்கள் அனைவரின் பெயரும் அறை வாசலில் இருக்கும்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பது வருடத்துக்கு முன் விழுந்த மொய்யைப் பைசா பிசகாமல் நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்கிற ஊர் இது. காதுகுத்துக்கு நாற்பது அடி பேனர் வைத்த மூன்று வீடுகளில் இந்தக் குழு இரண்டு முறை படியேறித் திரும்பியிருக்கிறது. பெயர் சொல்லவில்லை, படிக்கும்போது அவர்களுக்குத் தெரியும். பாட்டன் சாவடியில் படுத்த கடன் எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை என்பதற்காக அது இல்லையென்று ஆகிவிடாது.

தொகையைக் குழுப் பொருளாளரிடம் கொடுத்துக் கையோடு ரசீது பெற்றுக்கொள்ளவும். மார்ச் 25-க்குள் அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். பணம் இல்லாதவர்கள், வீட்டுப் பரணில் பழைய சீட்டோ காகிதமோ கிடந்தால் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
ஆவண அறைக் குழுவினர்