துணி போர்த்துமுன் ஒரு ஆளை அனுப்புங்கள், ஐயா

சிவில் விமானப் பறப்புகளுக்குப் பொறுப்பான மேலதிகாரி அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. வீட்டில் நான் செய்துகொண்டிருக்கும் சின்ன விமானத்தின் சட்டகத்தைப் பார்க்க ஒரு ஆளை அனுப்பக் கேட்டு, மட்டக்களப்பு ஆரையம்பதியிலிருந்து மூன்று கடிதம் போட்டு, சென்ற செவ்வாய்க்கிழமை இரவு பஸ்ஸில் வந்திறங்கி, காலை எட்டு மணிக்கே உங்கள் வாசலில் நின்ற 'பிளேன் செய்கிற ஆள்' நான்தான். உங்கள் ஃபைலில் உள்ளதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. அன்று உள்ளே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மேசையில் இருந்த உத்தியோகத்தர் ஒரு படிவம் தந்தார். தமிழில் ஒரு வரியும் இல்லை, அது எங்களுக்குப் பழகிப்போனது. 'உற்பத்தி செய்த நிறுவனம்' என்றிருந்த கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அவர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுக் கம்பனியின் பெயரைக் கேட்டார். கம்பனி இல்லை சேர், நானும் மகனும்தான் என்றேன். கம்பனி இல்லாவிட்டால் அது பிளேனே இல்லையாம். பிளேன் இல்லையென்றால் அனுமதி எதற்கு என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஐயா, இது என் கனவில் வந்த பறவை அல்ல. அமெரிக்காவின் மினசோட்டாவில், செரி குரோவ் என்ற சின்ன ஊரில் இருந்த பேர்னாட் பீட்டன்போல் வரைந்த 'எயார் கெம்பர்'. மரத்திலும் ஒட்டுப்பலகையிலும் சட்டகம், அதன்மேல் போர்த்திய துணி, இரண்டு பேருக்கு இருக்கை. போர்ட் மொடல் ஏ காரின் 40 குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டி 1929இல் அவர் அதைப் பறக்கவிட்டார். அந்த வரைபடத்தை வைத்து இன்றைக்கும் ஆட்கள் வீட்டுக் கொட்டிலில் செய்து பறக்கிறார்கள். அந்த நாட்டில் வேலையில் பாதிக்கு மேல் தன் கையால் செய்தவனைச் சட்டமே உற்பத்தியாளன் என்று ஏற்கிறது. பிரித்தானியாவில் கட்டக் கட்டப் பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கிறார்.

நான் கேட்பதும் அவ்வளவுதான். துணி போர்த்துமுன் சட்டகத்தைப் பார்க்க ஒரு ஆளை அனுப்புங்கள். போர்த்திய பிறகு உள்ளே எந்தப் பொருத்தில் பசை பிடித்திருக்கிறது, எதில் பிடிக்கவில்லை என்று யாராலும் பார்க்க முடியாது. என் அப்பா வள்ளம் கட்டிய ஓடாவி. தார் பூசிய வள்ளத்தைக் காட்டி 'நல்ல வேலை' என்று சொல்பவனை அவர் நம்பியதே இல்லை.

அதனால்தான் இரண்டு மாரியாக அந்த இறக்கையைப் போர்த்தாமல் வைத்திருக்கிறேன். 29 அடி இறக்கை, மூன்று துண்டு. கொட்டிலுக்குள் ஒழுக்கு என்பதால் வீட்டு மண்டபத்தில் கூரை வளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். அதற்குக் கீழேதான் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, படுக்கை எல்லாம். மாரியில் வாவிப் பக்கத்துக் காற்று ஏறினால் மரம் ஊதும், பங்குனி வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் பொருத்து அசைந்துகொடுக்கும். வார்னிஷ் பூசியும் இரும்புப் பட்டைகளில் துரு பிடிக்கிறது. நான் மண்ணெண்ணெய்த் துணியோடு ஏணியில் நிற்கிறேன். போன மார்கழியில் இறக்கையின் ஓரத்து விலாச்சட்டம் ஒன்றில் கறையான் மண் கண்டேன். கனடாவில் இருக்கும் மைத்துனர் அனுப்பிய, விமானத்துக்கு உகந்த ஸ்புரூஸ் என்ற மரம் அது. இங்கே கடையில் கிடைக்காது. அன்று இரவு மனைவி ஒன்றும் பேசவில்லை. காலையில் மட்டும் கேட்டாள், 'பார்க்க வருவாங்களா, இல்லாட்டி விறகுக்கு வெட்டுவமா?'

பாதுகாப்புப் பிரச்சினை என்கிறீர்கள். விளங்குகிறது. பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்த தலைமுறை நான். பயமில்லாமல் அண்ணாந்து பார்க்கவே நாற்பது வயதாயிற்று. ஆனால் இயந்திரமே இல்லாமல் மண்டபத்தில் தொங்கும் ஒரு மரச்சட்டகம் எங்கே பறக்கப்போகிறது? 1978 கார்த்திகைச் சூறாவளி போல ஒன்று வந்து கூரையோடு தூக்கிக்கொண்டு போனால் ஒழிய வழியில்லை. அப்படிப் போனால் விமானி யார் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? எங்கள் மட்டக்களப்பு ஓடுபாதைக்கு 2018இல் 'சர்வதேச' என்று பெயர் கிடைத்தது. அங்கே எத்தனை பிளேன் இறங்குகிறது என்பது ஊராருக்குத் தெரியும். பெயருக்குப் பஞ்சமில்லை ஐயா, பார்க்க வரும் ஆளுக்குத்தான்.

மன்னிக்க வேண்டும், எழுதவந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். பறக்க அனுமதி நான் இன்னும் கேட்கவில்லை. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு கைவிளக்கு. சட்டகம் சரியில்லை என்றால் எழுத்தில் தாருங்கள், அந்தப் பொருத்தை உடைத்துத் திரும்பச் செய்கிறேன். செய்யவே கூடாது என்றால் அதையும் எழுத்தில் தாருங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் வந்தால் பெரிய உபகாரம். வரும் உத்தியோகத்தரின் பஸ் காசு, மதியச் சோறு என் பொறுப்பு. ஆரையம்பதியில் இறங்கி பிளேன் வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் காட்டும். கதவைத் திறந்ததும் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
சிவப்புப் பேனையால் வெட்டப்பட்ட பெயருக்குரியவன்,
ஆரையம்பதி.