இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்போடு நம் ஞாயிறு பள்ளியின் இரண்டாம் தவணை முடிகிறது. பேச்சுப் போட்டியிலும் திருக்குறள் ஒப்பித்தலிலும் நம் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். சிறிய வகுப்புகளில் வாசிப்பு கண்கூடாக முன்னேறியிருக்கிறது. நூலக அலமாரிக்குப் புத்தகங்கள் தந்தவர்களுக்கும், காலையில் முன்கூட்டியே வந்து மேசை நாற்காலி போட உதவியவர்களுக்கும் நன்றி. தேர்ச்சி அறிக்கை பிள்ளைகளின் பையில் வரும், கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அப்புறம், குடிதண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

சில வாரங்களாக நம் தாழ்வாரத்துக் குடிநீர்க் குழாயை நிறையப் பிள்ளைகள் தொடுவதே இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்ததும் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். விளையாட்டு நேரம் முடிந்து தலைவலி என்று வந்த ஒரு பையனுக்கு ஆசிரியை பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். அவன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்ப இறுக மூடி மேசைமேல் வைத்துவிட்டான். “இது கக்கூஸ்ல இருந்து வர்ற தண்ணி டீச்சர், குடிக்கக் கூடாதுன்னு வீட்ல சொன்னாங்க” என்றான். அதே குழாயில் அப்போதுதான் குடித்துவிட்டு வந்த சிறுமி அழத் தொடங்கிவிட்டாள். இங்கே குழாயில் வருவது சாக்கடை நீர்தான் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் காணொளிதான் இதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது.

நம் குடும்பங்களில் பல, சிங்கப்பூருக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவை. ஊரில் தண்ணீரைச் சந்தேகப்பட்டுத்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். காய்ச்சி, வடிகட்டிக் கொடுத்து வளர்ந்த கைகள் இவை. அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். அதனால் இங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் கழிவுநீரைச் சுத்தமாக்கி மீட்கும் நீருக்கு நியூவாட்டர் என்று பெயர். அது சாக்கடை நீரைச் சும்மா வடிகட்டிக் குழாயில் விடுவதல்ல. கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு ஆலையில் வழக்கமான முறையில் சுத்தமாகிறது. பிறகு நுண்வடிகட்டியில் மிதக்கும் துகள்களும் பாக்டீரியாக்களும் பிடிபடுகின்றன. அடுத்தது ஆர்.ஓ., அதாவது நீரை மிக நுண்ணிய சவ்வு வழியாக அழுத்திச் செலுத்தும் முறை. சென்னையில் பல வீட்டுச் சமையலறைகளில் நாம் காசு கொடுத்து மாட்டிவைத்திருக்கும் அதே தொழில்நுட்பம்தான், இங்கே பெரிய அளவில், இடைவிடாத கண்காணிப்போடு நடக்கிறது. அந்தச் சவ்வு வைரஸ்களையும் கரைந்த உப்புகளையும் தடுத்துவிடும். கடைசியில் புற ஊதாக் கதிர். இத்தனைக்குப் பிறகும் அது நேராக நம் குழாய்க்கு வருவதில்லை. பெரும்பகுதி கணினிச் சில்லு தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கும் கட்டடங்களின் குளிரூட்டலுக்கும் போகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நீர்த்தேக்கங்களில் மழைநீரோடு கலக்கிறது, அதுவும் முக்கியமாக வறட்சிக் காலத்தில். அந்த நீர் மறுபடி நீர் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரும்.

இது நேற்று தொடங்கிய சோதனையும் அல்ல. 1974-இலேயே ஜூரோங்கில் முயன்றார்கள்; அன்றைய சவ்வுகள் விலை அதிகம், நம்பகமும் இல்லை என்று நிறுத்தினார்கள். 2000-இல் பெடோக்கில் மாதிரி ஆலை வந்தது. வெளிநாட்டு வல்லுநர்களும் அடங்கிய குழு ஆராய்ந்து பாதுகாப்பானது என்ற பிறகே, 2003-இல் பெடோக், கிராஞ்சி ஆலைகள் திறந்தன. அதற்கு முந்தைய ஆண்டு தேசிய தின அணிவகுப்பில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங்கும் ஏறக்குறைய 60,000 பேரும் இந்தத் தண்ணீர்ப் பாட்டில்களை உயர்த்திக் குடித்தார்கள். நமீபியாவின் விண்ட்ஹோக் நகர மக்களோ 1968 முதல் இப்படி மீட்ட நீரைக் குடிநீரில் நேரடியாகவே கலந்து குடிக்கிறார்கள்.

இந்தத் தீவில் பெரிய ஆறு கிடையாது என்றே சொல்லலாம். 1963-இல் வறட்சியால் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது. பக்கத்து மலேசியாவின் ஜோகூரிலிருந்து நீர் எடுக்கும் ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. 2016-இல் அங்குள்ள லிங்கியு நீர்த்தேக்கம் கொள்ளளவில் 20 விழுக்காடு வரை இறங்கியது. இன்று நாட்டின் மொத்தத் தேவையில் 40 விழுக்காடு வரை நியூவாட்டரால் தர முடிகிறது. நம் காவிரியையும் நினைத்துப் பாருங்கள். ஈரோட்டின் கழிவும் கலந்த ஆறுதான் கீழே திருச்சிக்கு வருகிறது, அதை நாம் குடித்துத்தான் வளர்ந்தோம். இங்கே அந்த வேலையை ஆற்றிடம் விடாமல் அளந்து, சோதித்துச் செய்கிறார்கள்.

சரி, இனி நேராகவே சொல்கிறேன். உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் குடிப்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் குழாய்த் தண்ணீர் குடிக்கும் இன்னொரு பிள்ளையை அருவருப்பாகப் பேசுவதை இந்தப் பள்ளியில் அனுமதிக்க மாட்டேன். அடுத்த முறை நடந்தால் பெற்றோரை அழைத்துப் பேசுவேன். அந்தக் காணொளியைப் பள்ளிக் குழுவில் மறுபடி பகிர வேண்டாம். பெட்டி பெட்டியாக வரும் பிளாஸ்டிக் பாட்டில்களும் வேண்டாம். ஞாயிறு மாலை குப்பைத்தொட்டி நிரம்பி வழிகிறது, அதைத் தூக்குபவர் வயதானவர்.

காய்ச்சிய நீர்தான் பழக்கம் என்றால் தாராளமாக வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள், அதில் எனக்குத் துளியும் ஆட்சேபம் இல்லை. நாள் முழுக்கப் போதுமான அளவு இருக்கட்டும். சந்தேகம் இருப்பவர்கள் வகுப்பு முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள், இந்நாட்டின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் வெளியிடும் நீர்த்தர விவரங்களைச் சேர்ந்து படிக்கலாம். ஏற்கெனவே வந்து பொறுமையாகக் கேட்டுப் போன பெற்றோர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையில்தான் நீங்கள் எல்லோரும் பேசினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் விடுமுறைக்குப் பிறகு வழக்கம்போல ஞாயிறு காலை 9 மணிக்கு வகுப்பு. பெயர் எழுதிய பாட்டில் ஒன்றைப் பையில் வையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்