பாட்டி அடுப்பில் போட்ட பதினொரு படங்கள்

தமிழ்நாடு ஆவணக் காப்பக ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

அப்பா விட்டுச்சென்ற பெட்டியில் உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. 1965 ஜனவரி 25 காலையில், மதுரையில் இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலம் புறப்பட்டபோது அவருடைய அறைத் தோழர் இரவல் வாங்கிய அக்ஃபா கிளிக் கேமராவில் எடுத்தது. நடந்துகொண்டே எடுத்திருக்கிறார்; முன்வரிசை முகங்கள் கலைந்து கிடக்கின்றன. தெளிவாக விழுந்திருப்பவர் ஓரத்தில் நிற்கும் சைக்கிள் கடைக்காரர் மட்டுமே. டியூபுக்குக் காற்றடித்த கையோடு நிமிர்ந்து பார்க்கிறார். அன்றைய மோதல் தமிழகம் முழுக்கப் பரவப்போகிறது என்பது அந்த முகத்தில் இல்லை.

அந்த ஃபிலிமில் பன்னிரண்டு படங்கள். போலீஸ் வீடு தேடி வருமோ என்று பயந்து, பாட்டி பதினொன்றையும் நெகட்டிவோடு அடுப்பில் போட்டுவிட்டார். அரிசிப் பானைக்குள் ஒளிந்திருந்ததால் இது ஒன்று தப்பியது. பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையைக் காப்பாற்ற அன்று அவருக்குத் தெரிந்த வழி அதுதான். எத்தனை வீடுகளின் அடுப்பில் இப்படி எரிந்ததோ!

அன்று தமிழகத்தில் தொலைக்காட்சி கிடையாது. சென்னையில் அது தொடங்கிய 1975 ஆகஸ்ட் 15 அன்று, நெருக்கடி நிலை வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வானொலி அரசின் கையில் இருந்தது. திரையரங்கில் படத்துக்கு முன்னால் ஓடிய செய்திப்படமும் அப்படியே. பத்திரிகைப் படக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் தேடியது தலைவர்களை, எரியும் வண்டிகளை. கூட்டத்துக்குள் நடந்துகொண்டே, பக்கத்தில் நடப்பவனைப் பார்த்து எடுத்த படங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன. ஜனவரி 27 அன்று துப்பாக்கிச் சூட்டில் இறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரனுக்குச் சிலை உண்டு. அவரோடு நடந்தவர்களின் முகங்களை எங்கே போய்ப் பார்ப்பது?

அந்த மாணவர்களுக்கு இப்போது எண்பது வயது. ஆல்பங்களை இராமபாணப் பூச்சி அரிக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய படம் பிரித்தால் கிழிகிறது. 2015 வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீட்டு ஆல்பங்கள் சேறாயின என்பதைப் பார்த்தவன் நான். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது மெரினாவில் ஆளுக்கொரு கைபேசியில் எடுத்தோமே, அவையும் பழுதான கைபேசிகளோடு போய்க்கொண்டிருக்கின்றன.

வீடுகளில் இருக்கும் இந்தப் படங்களைக் காப்பகம் சேகரிக்க வேண்டும். எழும்பூரில் உள்ள உங்கள் காப்பகத்துக்கு வந்து படத்தை ஒப்படைக்கும்படி முதியவர்களைக் கேட்காதீர்கள், வர மாட்டார்கள். பெட்டியில் இருப்பது காப்பகத்துக்கு உரியது என்றே அவர்களுக்குத் தோன்றாது. மாவட்டம் மாவட்டமாக நீங்கள் போக வேண்டும். அவர்கள் கண்ணெதிரிலேயே ஸ்கேன் செய்து, மூலப்படத்தை அப்போதே கையில் திருப்பிக் கொடுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு, எடுத்தது யார் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். அந்தப் பயமும் ஆவணம்தான்.

முதல் முகாமை மதுரையில் வைத்தால் என் படத்தோடு வருகிறேன். பின்புறம் அப்பா பென்சிலால் ஐந்து பெயர்கள் எழுதியிருக்கிறார். மூன்றைப் படிக்க முடிகிறது, இரண்டு மங்கிவிட்டன. அவற்றைப் படித்துச் சொல்லக்கூடியவர் யாராவது அந்த வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கலாம். சைக்கிள் கடைக்காரரின் பெயரை அப்பா எழுதவில்லை. அதையும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அந்தப் படத்தை வைத்திருக்கும் மகன்